வடத்துக்கு அந்தப்பக்கம்

ஜனவரி 6

இதை வாசிக்கப்போகிற புண்ணியவான்களே, பூவாணிநாதர் மேல் ஆணையிட்டு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த நோட்டில் நான் எழுதப்போவதை உங்களில் ஒருவர்கூட நம்பப்போவதில்லை. நம்புகிறவர் இருந்தால் முதலில் அவரைத்தான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும்.

எழுதுகிறவன் குத்தாலிங்கம். மேலப்பூவாணி ஊருக்கே மாமா. ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டு, ஆட்டோவில் உட்கார்ந்து மைக்கில் கூவியே தலை நரைத்தவன். சர்க்கஸ், ஜவுளிக்கடைத் திறப்பு, சாவு அறிவிப்பு, எதுவானாலும் இந்தத் தொண்டைதான். சர்க்கஸில் இருந்தது நோஞ்சான் சிங்கம் ஒன்று. நான் கூவி முடித்தபோது அது ஒரு காடு. அந்தக் காட்டைப் பார்க்க மூன்று ஜில்லா ஜனம் திரண்டு வந்து, இடம் போதாமல் ஒருவர் தோளில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இன்றைய சேதி: எங்கள் ஊருக்கு ஓர் ஆம்புலன்ஸ் வரப்போகிறது. அதை நிரந்தரமாக எங்கே நிறுத்துவது என்று இடம் பார்த்துச் சொல்ல ஊரில் ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள். அதில் நானும் உண்டு.

வீட்டுக்கு வந்து என் சம்சாரம் செண்பகவடிவிடம் சொன்னேன். "ஐக்கிய நாட்டுச் சபையே வந்து காலைப் பிடிச்சிட்டு. போனாப் போகுதுன்னு ஒத்துக்கிட்டேன்."

அவள் நாற்காலியில் இருந்தபடி, வீங்கிய கால்களை முக்காலியில் நீட்டி, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவேயில்லை.

"இதுல எவ்வளவு கழிக்கணும்?"

கல்யாணமான நாள் முதல் இதே கேள்வி. நான் என்ன சொன்னாலும் அதில் முக்காலைக் கழித்து மிச்சத்தை எடுத்துக்கொள்வாள். சில நாள் மிச்சமும் இருக்காது. அப்போது ஈயை ஓட்டுவதுபோல் கையை ஒரு வீசு வீசுவாள். வழக்கு முடிந்தது என்று அர்த்தம்.

இரவு மகாராணிக்கு நான்கு தலையணை அடுக்கிக் கொடுத்தேன். படுத்துத் தூங்குவது சாமானியர் வழக்கமாம். அவள் இப்போதெல்லாம் உட்கார்ந்துதான் தூங்குகிறாள்.

ஜனவரி 9

என் சர்வாதிகார ஆட்சியில் வீட்டில் உப்புக்குத் தடை. ரசம் வைத்தேன். வடிவு ஒரு வாய் குடித்துவிட்டு, "வெந்நீர் நல்லா இருக்கு" என்றாள். நானும் அதையே குடித்தேன். தேவாமிர்தம் என்றேன். கழித்துவிட்டாள்.

கமிட்டி கூடியது. இரண்டு இடம். ஒன்று, ஊருக்கு வெளியே பூட்டிக் கிடக்கிற பஞ்சு மில் வளாகம். இன்னொன்று, ஊர் நடுவே கீழத்தேர்வீதியில் தேர் நிற்கும் இடத்தை ஒட்டிய கொட்டகை. கரண்ட் உண்டு, குழாய் உண்டு, தேரே நிழல் தரும். என் வீடு அந்தக் கொட்டகைக்கு அடுத்த வீடு என்பது தற்செயல். எழுதி வைக்கிறேன், தற்செயல்.

மில்லுக்காக நின்றவர் ஆவுடையப்பன். வடிவுக்கு மூத்த அண்ணன். தேர் இழுக்கிற வடக்காரர்களுக்கெல்லாம் தலைவர். மூட்டை தூக்கின தோள், பேச்சும் மூட்டையை இறக்கி வைத்த மாதிரிதான் விழும்.

"மாப்ளே, வண்டி வியாதிக்காரன் வீட்டுக்குப் போனாப் போதுமாவே? அங்க இருந்து ஆஸ்பத்திரிக்குப் போவணும்லா? மில்லுன்னா நாலு பக்கமும் ரோடு."

"மச்சான், அந்த மில்லுல ரெண்டு பேய் இருக்கு. ஒரு பாம்பு இருக்கு. அந்தப் பாம்புக்குன்னு தனியா ஒரு பேய் இருக்கு. சீக்காளியத் தூக்க வார டிரைவரை யாரு தூக்குவா?"

கமிட்டி சிரித்தது. சிரித்த கமிட்டி பாதி செத்த கமிட்டி. மிச்சத்தை எழுந்து நின்று முடித்தேன். கடைவீதியில் நெஞ்சடைத்து விழுகிற வியாபாரியை வர்ணித்தேன். பிரசவத்துக்குத் தவிக்கிற பெண்ணை வர்ணித்தேன். அவள் இரட்டைப் பிள்ளை பெறுவதாக இருந்து, பேச்சின் வேகத்தில் நான்காகிவிட்டது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

கலைந்து போகும்போது ஆவுடையப்பன் என் அருகே வந்து, தணிந்த குரலில் கேட்டார்: "அவளுக்கு எப்படி இருக்குவே?"

"யாருக்கு?" என்றேன்.

ஜனவரி 20

ஜில்லாவிலிருந்து அதிகாரி வந்து இடத்தைப் பார்த்தார். ஒல்லியான மனிதர், நல்லவர், வெயிலில் வதங்கியிருந்தார். அளந்தார், போட்டோ எடுத்தார். கடைசியாக, தகரம் வேய்ந்து நிற்கிற தேரின் சக்கரத்தில் கையை ஊன்றி நின்றுகொண்டு கேட்டார்.

"வருஷத்துல எந்த நாளாவது இந்தத் தெரு அடைபடுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒரு நாளும் அடைபடாது" என்றேன். கமிட்டி முழுக்கத் தலையாட்டியது. ஆவுடையப்பனும் ஆட்டினார். அவர் அந்தச் சக்கரத்தின் மேலேயே சாய்ந்திருந்தார்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. தேர் நாளில் தெரு அடைபடுகிறது என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றியதே கிடையாது. எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரு திறக்கிறது.

பிப்ரவரி 11

வந்தது ஆம்புலன்ஸ்! வெள்ளைவெளேரென்று, இந்திரன் ஐராவதத்தைக் கழுவித் துடைத்து அனுப்பிவைத்த மாதிரி. மாலை போட்டோம். நெற்றிக்குச் சந்தனம் பூசினோம். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைக்கப் போனபோது வண்டியோடு வந்த பெண் தடுத்துவிட்டாள். பெயர் ஜெசிந்தா, தூத்துக்குடிப் பக்கம். சீக்காளிக்கு முதலுதவி செய்கிறவள் அவள்தான். ஓட்டுகிறவர் மைதீன்.

"மாமா, வண்டி எப்பவும் சுத்தமா இருக்கணும். சந்தனத்தையும் நீங்களே தொடச்சிருங்க" என்றாள். வந்த அன்றே எனக்கு வேலை கொடுத்த முதல் அரசாங்க அதிகாரி இவள்தான்.

பிப்ரவரி 12

வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் வண்டி தெரிகிறது. காலையில் பார்த்தேன். மத்தியானமும் பார்த்தேன்.

பிப்ரவரி 26

ஜெசிந்தா தண்ணீர் பிடிக்க வருகிற சாக்கில் வடிவைப் பார்த்துவிட்டுப் போகிறாள். இன்று விரலில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற ஒரு கவ்வியை மாட்டிப் பார்த்து, முகத்தை மாற்றாமல் கழற்றினாள். முகத்தை மாற்றாமல் இருப்பதற்குப் படித்திருக்கிறாள். நான் அந்தப் படிப்புக்கு எழுபது வருஷமாக முயற்சி செய்கிறேன்.

"அத்தை, பெரிய ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"நெஞ்சுக்குள்ள ஒரு கதவு ஒழுங்கா மூடலையாம். ஆபரேசன் பண்ண ஒடம்பு தாங்காதாம்."

"இந்த வீட்டுல எந்தக் கதவுதாம்மா ஒழுங்கா மூடியிருக்கு? கொல்லைக் கதவு என் கல்யாணத்துல இருந்தே தொங்குது, அது பாட்டுக்கு இருக்கலையா?" என்றேன்.

வடிவு சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமானது. ஜெசிந்தா அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கொல்லைக் கதவைப் பார்த்தேன்.

மார்ச் 2

கொல்லைக் கதவுக்குப் புதுக் கீல் போட்டேன்.

மார்ச் 19

தேர்த் திருவிழாவுக்குக் கொடியேறியது. தகரத்தைப் பிரித்து, சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிறார்கள். வடம் வந்து இறங்கியது. மலைப்பாம்புகள் ஏழெட்டை முறுக்கிச் செய்த கயிறு. (இதில் கழிக்க அதிகமில்லை.)

மைக் வழக்கம்போல் எனக்கு. போன வருஷம் மேலவீதியில் தேர் அசையாமல் நின்றபோது, பம்பாய் நடிகை அடுத்த முக்கில் வந்து காத்திருக்கிறாள் என்று கூவினேன். தேர் பறந்தது. முக்கில் இருந்தது மோர்ப்பந்தல். அதற்கு முந்தின வருஷம், ஆவுடையப்பன் மயங்கி விழுந்துவிட்டார், அவர் மானத்தைக் காப்பாற்ற இழுங்கள் என்றேன். வடத்தைப் பிடித்திருந்த ஆவுடையப்பன் மைக் எட்டாத தூரத்துக்கும் கேட்கிற மாதிரி என்னைத் திட்டினார். ஜனம் இதற்காகவே வருகிறது. மாமா இந்த வருஷம் என்ன புளுகப்போகிறார் என்று ஒரு மாதம் முன்பே பேச்சு.

சாயங்காலம் ஜெசிந்தா வந்தாள்.

"மாமா, தேர் அன்னைக்கு வண்டியை மில்லுக்கிட்ட நிறுத்திரட்டா? நம்ம கொட்டகை தெருவுக்கு இந்தப்பக்கம். ஊருக்கு வெளிய போற ரோடு அந்தப்பக்கம். நடுவுல தேரும் வடமும் கூட்டமும் இருக்கும்லா?"

"யம்மா, எங்க தேரு ஆகாய விமானத்துக்குத் தம்பி. காலையில கிளம்பி, மத்தியானச் சோத்துக்குள்ள நிலைக்கு வந்து நின்னுரும். வண்டி இங்கயே இருக்கட்டும்."

"நெஜமாவா?"

உள்ளேயிருந்து வடிவு குரல் கொடுத்தாள். "அவரைக் கேக்காத புள்ள. முக்காலைக் கழி."

"வண்டி இங்கயே இருக்கட்டும்மா" என்றேன் மறுபடி. என் குரல் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

மார்ச் 28, காலை

தேர். வடிவுக்கு இட்லியை மசித்துக் கொடுத்தேன், இரண்டு வாய் சாப்பிட்டாள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தேன். "தேரு நம்ம வாசலுக்கு வாரப்போ சாமிகிட்ட என்ன கேக்க?" என்றேன். "உங்க வாய்க்கு ஒரு பூட்டு" என்றாள். பச்சைச் சேலை. மைக்குக்குப் போகிறேன்.

மார்ச் 29

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 3

எழுதியே ஆகவேண்டும். அப்போது பூவாணிநாதர் தேரின் உச்சியில் எழுந்து நின்றார், தேருக்கு இரண்டு பக்கமும் பொன்னிறச் சிறகு முளைத்தது, தேர் ஒரு பனைமர உயரம் எழும்பி

அடித்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

தேர் மூன்று வீதியும் சுற்றிவந்து, கடைசித் திருப்பத்தில், எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி நின்றது. புதிதாகக் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கிவிட்டது. சோற்று வேளை தாண்டியும் அசையவில்லை. நெம்புகோல் கொண்டுவர ஆள் போயிருந்தது. இழுத்தவர்கள் இரண்டு வடத்தையும் தெரு நெடுக அப்படியே தரையில் கிடத்திவிட்டு, அதை ஒட்டி உட்கார்ந்துவிட்டார்கள். தெரு முழுக்கத் தலை.

மைக் மேடையில் நான் புளுகிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, அத்தைக்கு மூச்சு விட முடியல. வண்டியில ஏத்தியாச்சு. வழி வேணும்."

பக்கத்து வீட்டு வண்டி. ஏற்றுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. வண்டி எங்கள் வாசலில் நின்றது. எங்கள் வாசலிலேயே நின்றது.

மைக்கில் சொன்னேன். "வழி விடுங்க. ஆம்புலன்ஸுக்கு வழி விடுங்க. என் பொண்டாட்டிக்கு மூச்சு நிக்கப்போகுது."

ஜனம் கைதட்டியது.

விசிலடித்தார்கள். யாரோ, "மாமா இந்த வருசம் அத்தையவே எறக்கிட்டாருடோய்!" என்று கத்தினான். ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டே எழுந்து, தேரை இழுப்பதற்காக வடத்தைப் பிடித்தது. நான் இன்னும் உரக்கச் சொன்னேன். உரக்கச் சொல்லச் சொல்ல, நான் வழக்கமாகப் புளுகுகிற குரல் மாதிரியே இருந்தது. என்னிடம் வேறு குரல் இல்லை.

மைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். மைதீன் ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி வண்டியை வடம் வரை கொண்டுவந்துவிட்டார். வடத்தின் முன்னால் ஆவுடையப்பன் கையை விரித்து நின்றார்.

"சாமி தேர்ல இருக்கு. வடத்து மேல சக்கரம் ஏறக் கூடாது. அதுவும் பொணம் ஏத்துற வண்டி."

"உசுரு இருக்குய்யா உள்ள!" என்றார் மைதீன்.

"இருந்தா இருக்கட்டும். சுத்திப் போங்க."

"எங்க சுத்த? அங்கன தேரு நிக்கி, இங்கன சுவரு."

ஆளாளுக்குப் பேசினார்கள். எந்தக் காலத்திலோ ஒரு மாட்டுவண்டி வடத்தின்மேல் ஏறி, தேரின் அச்சு முறிந்ததாம். ஒருவர் பூசாரியைக் கேட்போம் என்றார். பூசாரி தேருக்கு மேலே இருந்தார். சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டு ஏற்றலாமா என்று ஒருவர், பலகையும் வடத்தைத் தொடுமே என்று இன்னொருவர். எல்லோரும் நல்லவர்கள். எல்லோருடைய வீட்டுச் சாவையும் நான் மைக்கில் சொல்லியிருக்கிறேன்.

"மச்சான், உள்ள வடிவு" என்றேன்.

"போதும்வே ஒம்ம புளுகு. சாமி முன்னாடியுமா?"

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். மலையை இழுக்கிற மாதிரி. அப்போது ஜெசிந்தா பின்கதவைத் திறந்து குதித்தாள். திறந்த கதவின் வழியே ஆவுடையப்பன் உள்ளே பார்த்தார். பச்சைச் சேலையைப் பார்த்தார்.

"மேலதான ஏறக் கூடாது?" ஜெசிந்தா தொண்டை கிழியக் கத்தினாள். "அடியில போறோம்! தூக்குங்க!"

முதலில் குனிந்தது ஆவுடையப்பன். வடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழுந்தார். அப்புறம் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். அப்புறம் தெரு. இரண்டு வடமும் எழுந்தன, தோளுக்கு, தலைக்கு, கை எட்டும் மட்டும். நானும் ஜெசிந்தாவும் ஏறிக்கொள்ள, வண்டி அடியில் புகுந்தது. கூரையில் வடம் உரசுகிற சத்தம் உள்ளே கேட்டது. நான் உள்ளே இருந்தேன்.

அவ்வளவுதான், வழி கிடைத்துவிட்டது. வடம் தரையில் கிடந்த நேரமெல்லாம் அந்த வழி அங்கேதான் இருந்தது.

ஆற்றுப்பாலம் தாண்டியதும் ஜெசிந்தா முன்பக்கத் தடுப்பில் இரண்டு தட்டு தட்டினாள். மைதீன் சைரனை நிறுத்தினார்.

ஏப்ரல் 4

கீரைக்காரி வந்து வாசலில் நின்றாள். பழக்கதோஷம். இரண்டு கட்டு வாங்கினேன்.

ஏப்ரல் 9

காரியத்துக்கு ஊரே வந்தது. ஆவுடையப்பன் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். யாரும் என்னிடம் கதை கேட்கவில்லை. சோற்றுக்கு உப்புப் போட்டேன். போட்டது அதிகம்.

நான்கு தலையணையையும் வெயிலில் காயவைத்தேன்.

ஏப்ரல் 12

கமிட்டியை நானே கூட்டினேன். வண்டியை மில்லுக்கு மாற்றச் சொல்லி மனு எழுதினேன். அலங்காரம் எதுவும் வரவில்லை. நான்கே வரி. கையெழுத்துப் போட வந்தவர்கள் வாசித்துவிட்டு, இது மாமா எழுதியதுதானா என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 27

இன்று வண்டி மில்லுக்குப் போனது. கூடவே நானும் போனேன். பேய் இரண்டும் விடுப்பில் போயிருந்தன. பாம்பைக் காணோம். நாலு பக்கமும் ரோடு.

ஆவுடையப்பன் வேப்பமரத்தடியில் நின்றார். அருகே போய் நின்றேன். தேரன்று அவ்வளவு கூட்டத்தில் கேட்ட அவருடைய குரல், யாருமில்லாத இடத்தில் சரியாகக் கேட்கவில்லை.

"மாப்ளே. வண்டிக்குள்ள... எதாவது சொன்னாளா?"

நான் ஆரம்பித்தேன். பழைய குரல் தானாக வந்தது. "சொன்னாளாவாவது! கண்ணாடி வழியா ஒம்மத்தான் பார்த்தா. வடத்தைத் தோள்ல தாங்கி, கோயில் தூண் கணக்கா நிக்கீரு. 'அங்க பாருங்க, எங்க அண்ணன்'னு சொன்னா. முகம் அப்படியே பௌர்ணமி மாதிரி ஆயிட்டு. ஒம்மப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டா மச்சான்."

அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நம்பிவிட்டார். நான் இத்தனை காலம் சொன்னதில் அந்த மனிதர் நம்பியது இதை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். வண்டியின் கண்ணாடி பால்கண்ணாடி. உள்ளேயிருந்து ஒன்றும் தெரியாது.

வடிவுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. முகமூடியை லேசாக விலக்கி, "ஏன் நிக்கி? என்ன சத்தம்?" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "ஊரே எந்திரிச்சு வடத்தைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்கு வடிவு. ஒங்க அண்ணன் முன்னால நிக்காரு. சாமி அங்க நிக்காரு, நீ போற."

என்னைப் பார்த்தாள்.

"எவ்வளவு கழிக்கணும்?"

"ஒண்ணும் கழிக்க வேண்டாம்."

என் பிடியிலிருந்து கையை உருவி, ஈயை ஓட்டுவதுபோல் ஒரு வீசு வீசினாள்.

வாசிக்கிற புண்ணியவான்களே, காடாக மாறிய சிங்கத்தைக் கழித்துவிடுங்கள். ஐக்கிய நாட்டுச் சபை, நான்கு பிள்ளை, பேய், பாம்பு, இன்று மச்சானிடம் சொன்ன பௌர்ணமி, எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். வண்டிக்குள் அவளிடம் நான் சொன்னது மட்டும் மெய். சின்ன விஷயம்தான். அது நடந்தது.